சித்திரைக்கு இலை, ஆடிக்குக் கிளை

நாற்றுப் பண்ணைக்காரர் புங்கங்கன்றை மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டியது சணலால் அல்ல, பனியன் கட்டிங் வேஸ்டால். விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி ஓர் இழுப்பு இழுத்தால் இரண்டு ஓரமும் சுருண்டு தானே கயிறாகிவிடும் வெள்ளைத் துணி. இளந்தண்டை அறுக்காது, தண்டு பருக்கப் பருக்க நெகிழ்ந்து கொடுக்கும். திருப்பூர் வீடுகளில் சாக்கு மூட்டையின் வாய் முதல் முருங்கைக் கீரைக் கட்டு வரை இதால்தான் கட்டுவோம். கீழே விழுந்த ஒரு துண்டை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் தொழு உரம் கொட்டிக் குவித்திருந்தார்கள், சாணி வாசம் அடித்தது. வெள்ளைத் துணியும் சாணி வாசமும் சேர்ந்ததும் என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, நினைவில் வந்துவிட்டார்.

அவர் பூவரசம் போத்தை, வெட்டிய கிளையை, நடும்போது அதன் தலையில் சாணியை அப்பி, மேலே இந்தத் துணியைத்தான் சுற்றிக் கட்டுவார். அதற்காகவே அம்மா பள்ளி லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு பை நிறைய வேஸ்ட் கொண்டுபோவாள். மற்ற வீடுகளுக்கு மகள் பலகாரம் கொண்டுபோவாள். எங்கள் அமுச்சி வீட்டுக்குப் பலகாரத்தோடு பனியன் துணியும் போகும்.

"அத்தை, எது வெரசா வளருமோ அதைச் சொல்லுங்க, வாங்கிப் போட்டுடலாம்" என்றார் மாப்பிள்ளை. மகளுக்குப் பெருமாநல்லூர்ப் பக்கம் புது வீடு. தையில் பால் காய்ச்சினோம். பங்குனி பிறந்ததும் வீட்டின் குணம் தெரிந்துவிட்டது. பொழுது இறங்குகிற பக்கத்துச் சுவர் மதியம் இரண்டு மணியிலிருந்து வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, ராத்திரி பத்து மணி வரை அறைக்குள் விட்டுக்கொண்டிருந்தது. பேரன் தூங்காமல் புரண்டான். சுற்றிலும் காலி சைட்டுகள், ஒரு செடி கிடையாது. லேஅவுட் போட்டபோதே ஜேசிபி வைத்து எல்லாவற்றையும் வழித்துவிட்டார்கள். ஆகவே மரம் வேண்டும், அதுவும் உடனே வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டதில் தப்பே இல்லை. நாற்றுப் பண்ணையில் நின்று ஒவ்வொரு கன்றாகக் காட்டி, "இது எத்தனை வருசத்துல நெழல் குடுக்கும்?" என்று விசாரித்துக்கொண்டே வந்தார்.

அப்புச்சியிடம் இதே பேச்சை என் மாமா பேசினார். மாமா பேசிய இடத்தையும் வேளையையும் இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

காங்கேயத்துக்குக் கிழக்கே வானம் பார்த்த பூமி அது. ஆண்டு முழுவதும் கூட்டினாலும் 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை. மேற்கு மலைகள் தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிட, எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழைதான். அதனால் விவசாயத்தோடு சேர்த்து மாட்டை நம்பினார்கள். காங்கேயம் மாடு வளர்ந்தது கொரங்காட்டில். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரங்கள், இதுதான் கொரங்காடு. கிளுவையை யாரும் வாங்கி நடுவதில்லை. குச்சியை ஒடித்து ஊன்றினால் முள்வேலியாகிவிடும். வெள்வேலத்தின் நிழல் சல்லடையில் விழுகிற வெளிச்சமாகத் தரையில் கிடக்கும், அடியில் புல்லும் முளைக்கும், மாடும் நிற்கும். காய் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி. எந்த மரத்துக்கு அடியில் எது வாழும் என்பதை அந்த ஊர்க்காரர்கள் எங்கேயும் படித்ததில்லை. மேய்ச்சலில் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் மாடு கட்டுகிற கட்டுத்தரைக்கு வெள்வேலம் போதாது. மதிய வெயிலில் மாடு படுத்து அசைபோட அடர்த்தியான நிழல் வேண்டும். 1980களில் சமூகக் காடுகள் திட்டம் என்று அரசாங்கம் ஊர் ஊராகக் கன்று கொடுத்துக்கொண்டிருந்தது. ஏரி குளங்களில் கருவேலம் நட்டார்கள், விவசாயிகளுக்கு சவுண்டல் போன்ற கன்றுகள் கிடைத்தன. மாமா ஒரு சைக்கிள் நிறையக் கன்றுகளைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். "ரெண்டே வருசத்துல கூரைக்கு மேல போயிருமாமுங்கப்பா" என்றார்.

அப்புச்சி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெரசா வளருதா இல்லியான்னு அப்பறம் பாக்கலாம் சாமி. சித்திரைக்கு எலை இருக்குமா? ஆடிக்குக் கெளை இருக்குமா? அதைக் கேட்டுக்கிட்டு வா."

மாமாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு அப்போது கேள்வியே புரியவில்லை. பிற்பாடு சொந்தமாக ஒரு வாசல் அமைந்து, அங்கே சித்திரையையும் ஆடியையும் பார்த்த பிறகுதான் அந்த இரண்டு கேள்விக்குள் எங்கள் வட்டாரம் முழுவதும் அடங்கியிருப்பது தெரிந்தது.

சித்திரைக் கேள்வி எளிது. நிழல் எந்த மாதத்தில் தேவையோ அந்த மாதத்தில் மொட்டையாக நிற்கிற மரத்தை வாசலில் வைத்து என்ன பயன்? வாகை நல்ல மரம், வளரவும் வளரும், ஆனால் மாசி பங்குனியில் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு நெற்றை மட்டும் வைத்துக்கொண்டு காற்றில் கலகலவென்று ஆட்டிக்கொண்டு நிற்கும். மயில்கொன்றை தீயாகப் பூக்கும், பார்க்க அழகு, அதற்கு முன்னே வெறும் கிளைதான். வேம்பும் புங்கனும் அப்படியில்லை. அவையும் இலை உதிர்க்கும். ஆனால் மாசிக் கடைசியில் உதிர்த்து, மழை ஒரு சொட்டு இல்லாதபோதும் பங்குனிக்குள் புதுத் தளிர் விட்டு, சித்திரை வெயில் உச்சிக்கு வருகிறபோது முழுப் பச்சையாகிவிடும். அந்தத் தளிரும் பூவும் வருகிற நேரம்தான் வருசப் பிறப்பும், வேப்பம்பூப் பச்சடியும்.

ஆடிக் கேள்விதான் எங்கள் பக்கத்துக்கே உரியது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக அடைத்துக்கொண்டு வந்து, பாலக்காட்டில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டருக்கு வாயைத் திறந்திருக்கிறது. கேரளத்தில் மழை கொட்டுகிற நாட்களில் அந்த வாய் வழியே வருகிற காற்று கோவை, பல்லடம், உடுமலை, தாராபுரம், காங்கேயம் என்று தரையோடு அடித்துக்கொண்டு போகும். மழையை மலையில் விட்டுவிட்டுக் காற்று மட்டும் எங்களுக்கு வரும். இந்த வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆவணி வரை ஓயாது. வாசலில் காயப்போட்ட துணி மூன்றாவது வீட்டில் கிடக்கும். வெயில் சுடுவதும் மேற்கிலிருந்து, காற்று அடிப்பதும் மேற்கிலிருந்து. நிழலுக்காக மேற்கே வைக்கிற மரம்தான் காற்றை முதலில் வாங்கும். சீக்கிரம் வளர்ந்த மரத்தின் கட்டை பெரும்பாலும் இளசாக இருக்கும், முறிந்துவிடும்.

மாமா கொண்டுவந்த கன்றுகளை அப்புச்சி வீணாக்கவில்லை. சவுண்டலையெல்லாம் ஆட்டுத் தீவனத்துக்கென்று வேலியோரம் வைக்கச் சொன்னார். கட்டுத்தரைக்கு அந்த ஐப்பசியில் பூவரசம் போத்துதான் நட்டார்.

அதை நான் கூடவே நின்று பார்த்தேன். கைப்பருமனில், ஆள் உயரத்துக்கு மேலே நீளமான நேரான கிளையாகப் பார்த்து வெட்டினார். அடிப்பக்கம் சாய்வெட்டு, தலை நேர்வெட்டு. இரண்டு நாள் நிழலில் கிடத்தி வைத்தார். முழங்கால் ஆழத்துக்கு மேல் குழி பறித்து, போத்தை நிறுத்தி, மண்ணைத் தள்ளித் தள்ளிக் கடப்பாரையின் மொட்டைப் பக்கத்தால் இடித்து இறுக்கினார். "ஆட்டிப் பாரு கண்ணு" என்றார். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன், அசையவில்லை. ஆடுகிற போத்து வேர் விடாது. பிறகுதான் ஏணி போட்டு ஏறி, வெட்டிய தலையில் ஈரம் காய்ந்து போகாமலும் மழைத்தண்ணீர் இறங்கி அழுகாமலும் இருக்கச் சாணி உருண்டையை அப்பினார். அம்மாவின் பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து நான் கீழிருந்து நீட்டினேன்.

போத்து நடுவதில் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு. துளிர் வருவது ஆள் உயரத்தில். ஆடு எட்டாது, மாடு கடிக்காது, வேலி போட வேண்டியதில்லை. கார்த்திகை முடிவதற்குள் அந்தச் சாணித் தலைக்குக் கீழே இதயவடிவில் பச்சை இலைகள் வந்துவிட்டன. அடுத்த சித்திரையில் ஒரு கன்றுக்குட்டி நிற்கும் அளவு நிழல் இருந்தது. அதற்கடுத்த சித்திரையில் தாயும் நின்றது. மஞ்சளாகப் பூத்துச் சாயங்காலத்துக்குள் செந்நிறமாகி விழுகிற பூக்களை நாங்கள் பொறுக்கினோம். இலையைச் சுருட்டி பீப்பீ ஊதினோம். அமுச்சி அந்த இலைமேல் மாவைத் தட்டிக் கொழுக்கட்டை வேகவைப்பார். இலையின் நரம்பு மாவில் பதிந்திருக்கும்.

லீவு முடிந்து திருப்பூர் வந்தால் லைன் வீடு. ஒரு காம்பவுண்டுக்குள் எதிரெதிராக இரண்டு வரிசை, நடுவில் தண்ணீர்க் குழாயும் துவைக்கிற கல்லும். மேலே சிமெண்ட் ஷீட். அப்பா நிட்டிங்கில், அம்மா செக்கிங்கில். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வருவார்கள். மதியத்தில் வீட்டில் இருந்த பிள்ளைகள் நாங்கள் சாக்கை நனைத்துத் தரையில் போட்டு அதன்மேல் படுப்போம். அந்தக் காம்பவுண்டில் ஒரு மரம் கிடையாது. மரம் நிற்கிற இடத்தில் இன்னொரு அறை கட்டினால் மாத வாடகை வரும் என்பது வீட்டுக்காரர்களின் கணக்கு. ஊரே அந்தக் கணக்கில்தான் வளர்ந்தது. 1978இல் இத்தாலியிலிருந்து வெரோனா என்ற வியாபாரி வெள்ளை டி-ஷர்ட் தேடி வந்தார், அதிலிருந்து ஏற்றுமதி பிடித்தது என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு தோட்டம் சைட்டாகி, சைட் ஷெட்டாகி, ஷெட்டுக்குப் பின்னால் லைன் வீடாகி, நிழல் என்பதை யாரும் நினைத்துப் பார்க்க நேரமில்லாமல் போய்விட்டது.

பள்ளிக்கூடம் முடித்து நானும் செக்கிங்குக்குப் போனேன். நான் வேலை பார்த்த முதல் கம்பெனியின் கேட்டருகில் ஒரு வேப்ப மரம் இருந்தது. டீ வேளைக்கு மணி அடித்ததும் ஓவர்லாக் டெய்லர்கள், கைமடி பிள்ளைகள், அயர்னிங்கிலிருந்து சட்டை நனைந்து வருகிற ஆண்கள் எல்லாரும் அதன் கீழேதான். கேனிலிருந்து டீ ஊற்றுவார்கள், ஆளுக்கு ஒரு வடை. மதுரைப் பக்கத்துப் பெண்ணும் தேனிப் பெண்ணும் எங்கள் கொங்குப் பேச்சை நக்கலடிப்பதும், நாங்கள் திருப்பிச் சொல்வதும், சீட்டுப் பணம் வசூலிப்பதும், கல்யாணப் பேச்சும் அங்கேதான். இரண்டு பேர் அந்த மரத்தடியில் பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஆர்டர் கூடியபோது பேக்கிங்குக்கு இடம் போதவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வெட்டிவிட்டார்கள். திங்கட்கிழமை டீயைக் கையில் வாங்கிக்கொண்டு எல்லாரும் வெயிலில் நின்றோம், எங்கே போய் நிற்பது என்று தெரியாமல். இரண்டொரு வாரத்தில் டீயை மிஷினிலேயே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். டீ வேளைப் பேச்சு அதோடு போயிற்று. எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

தண்ணீரையும் சொல்ல வேண்டும், மரத்துக்கும் அதற்கும் நேர்த்தொடர்பு இருப்பதால். நொய்யலோரத்தில் எங்கள் பெரியப்பாவுக்குத் தென்னந்தோப்பு. சாயப்பட்டறைத் தண்ணீர் ஆற்றில் இறங்க இறங்கக் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப்போனது. தென்னை மட்டை நுனியிலிருந்து காய்ந்தது, குரும்பை நிற்கவில்லை. பாசனத்துக்கென்று 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஆடிப்போனது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கிற முறைக்கு மாறிய பிறகே மறுபடி திறந்தார்கள். பெரியப்பாவின் தோப்பில் தென்னைகள் போன இடத்தில், கிணற்றுமேட்டில் நின்ற புங்கனும் பூவரசும் மட்டும் அந்த உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு பச்சையாகவே இருந்தன. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குப் புங்கன்மேல் தனி மரியாதை.

கல்யாணமாகி, சீட்டு எடுத்து, நகையை அடகு வைத்து, ஊரின் ஓரத்தில் நாங்களும் ஒரு சைட் வாங்கி வீடு கட்டினோம். என் வீட்டுக்காரருக்குப் பூர்வீகம் பரமத்தி வேலூர், வெற்றிலைக் கொடிக்கால் குடும்பம். குடிபோன முதல் வாரத்திலேயே மண்ணைக் கிளறிப் பார்த்து முகம் சுளித்தார். இரண்டடிக்குக் கீழே சுக்கான் பாறை. கடப்பாரை போட்டால் வெள்ளைத் தூள்தான் வந்தது. மூன்றடிக்கு மூன்றடி குழியெடுத்து, அந்தத் தூளை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, செம்மண்ணும் தொழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பி ஒரு மழையில் அமரவிட்டார். தெற்கே ஒரு வேம்பு, மேற்கே ஒரு புங்கன். அத்தோடு நிற்கவில்லை. புங்கங்கன்றைச் சுற்றி, குறிப்பாக மேற்குப் பக்கத்தில், அகத்தி விதைகளை ஊன்றினார்.

"கொடிக்கால்ல வெத்தலைக் கொடி வைக்கறதுக்கு முன்னாடியே அகத்தி போட்டுருவோம். வெத்தலைக்கு வெயில் ஆகாது. அகத்தி ஒரே வருசத்துல பந்தல் மாதிரி ஆயிரும். இதுக்கும் அப்படித்தான். பெரிய மரம் வர்ற வரைக்கும் அது காவலு."

அகத்தி அவர் சொன்னபடியே வளர்ந்தது. ஆறே மாதத்தில் என் தலைக்கு மேல் போயிற்று. அதன் நிழல் மெல்லியது, அடியில் இருக்கிற கன்றை அமுக்காது. ஆனால் ஆடிக்குக் கிளை? அகத்தி முறிகிற சாதிதான். அதற்கும் கொடிக்காலில் வழி வைத்திருக்கிறார்கள். காற்று மாதம் பிறப்பதற்கு முன்னால் அகத்தியின் தலையைக் கொய்துவிட வேண்டும். பக்கத்தில் கிளைத்துக் குடையாகும், காற்றுக்கும் பிடி கிடைக்காது. கொய்த கீரை எங்கள் வீதி முழுக்கப் போயிற்று. அமாவாசைக்கு மாட்டுக்குக் கொடுக்கவென்று அகத்திக் கீரை கேட்டு வந்தவர்களும் உண்டு. அப்போது வீதியில் மாடு இருந்தது.

தண்ணீருக்கு நான் ஒரு வழி செய்தேன். அடியில் ஓட்டை போட்ட மண்பானையைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்தளவு புதைத்து, ஓட்டை வழியே பனியன் துணித் திரியை இறுக்கி விட்டேன். நான் போட்டது பருத்தித் துணி. பானையை நிரப்பி ஓட்டால் மூடிவிட்டால், வேலைக்குப் போய்த் திரும்பி வந்து அடுத்த நாளும் பார்க்காவிட்டாலும் வேரடி ஈரமாக இருக்கும். லாரித் தண்ணீர் குடம் கணக்கில் வாங்கிய காலம் அது.

எங்கள் வீதியில் ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு மரம் மோஸ்தர். முதலில் நெட்டிலிங்கம், அசோகா என்று சொல்லிக் கேட்டு வாங்குவார்கள். வீட்டுக்கு முன்னால் வரிசையாக நேராக நிற்கும், நிழல் அடுத்தவர் வாசலில் விழும். பிறகு மயில்கொன்றை. அதற்குப் பிறகு மலைவேம்பு வந்தது. பிளைவுட்டுக்கும் காகிதத்துக்கும் விலை போகிறது என்று விவசாயிகள் ஏக்கர் கணக்கில் வைத்தார்கள். அந்த வேகத்தைப் பார்த்து வீட்டு வாசலிலும் வைத்தார்கள். உண்மையில் அது வளர்கிற வேகம் கண்ணுக்கே தெரியும். மூன்றாவது வீட்டு அண்ணன் வைத்தது இரண்டு வருசத்தில் மொட்டை மாடியைத் தாண்டியது. ஓர் ஆடி ராத்திரி பெரிய சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் மரம் இடுப்பில் முறிந்து கரண்ட் கம்பிமேல் கிடக்கிறது. விடியும்வரை வீதிக்கே மின்சாரம் இல்லை. எல்லாரும் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டோம். காற்று ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் புங்கன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது, இலை உதிர்ந்தது தவிர ஒன்றும் ஆகவில்லை. மலைவேம்பை ஏக்கர் கணக்கில் வைத்தால் கூட்டமாக நிற்கும். ஒன்றுக்கொன்று காற்றைத் தடுத்துக்கொள்ளும். அதைத் தனியாக ஒரு வாசலில் நிறுத்தி ஆடிக் காற்றைத் தாங்கு என்றால் அது என்ன செய்யும்?

கடைசியாக வந்தது கோனோகார்பஸ். எந்த வெயிலிலும் பச்சையாக, வேலியாக வெட்டிவிட வசதியாக இருந்ததால் கம்பெனி காம்பவுண்டுகளில் கூட்டங்கூட்டமாக நட்டார்கள். அதன் மகரந்தம் மூச்சுத் தொல்லை தருகிறது, வேர் குழாய்களையும் அஸ்திவாரத்தையும் துளைக்கிறது என்று குஜராத் 2023இல் தடை போட்டது. தமிழ்நாடு அரசும் 2025இல் நடக்கூடாது என்று ஆணையிட்டது. நாற்றுப் பண்ணைக்காரர் அந்தத் தொட்டிகளை ஓரமாக ஒதுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன், நிம்மதியாக இருந்தது.

வேம்புக்கும் ஒரு கெட்ட காலம் வந்ததை மறைக்கக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் பனி மாதத்தில் ஊரில் இருந்த வேம்புகளெல்லாம் நுனியிலிருந்து பழுப்பாகக் கருகின. தேயிலைக் கொசு என்ற பூச்சி இளந்தளிரை உறிஞ்சிய இடத்தில் பூஞ்சை புகுந்ததால் வந்த நோய் என்று வேளாண் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சொன்னார்கள். எங்கள் தெற்கு வேம்பும் கருகியது. தெருப் பெண்கள் மாரியாத்தாளுக்குக் கோபம் என்றார்கள். சிலர் வெட்டிவிட்டார்கள், காய்ந்த மரம் வாசலில் ஆகாதென்று. "வேரு செத்தாத்தான் மரம் செத்தது" என்று சொல்லி எங்கள் வீட்டுக்காரர் அரிவாளைத் தொடவில்லை. மழை வந்ததும் அது மீண்டும் தளிர்த்தது. வெட்டியவர்களின் வாசலில் இப்போது தகரக் கூரை இருக்கிறது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் மாப்பிள்ளையிடம் பேசினேன். அவர் படித்தவர், காரணம் சொன்னால் கேட்பார். "மாப்ளை, எத்தனை வருசத்துல வளரும்னு கேட்டீங்க, சரி. எந்த மாசத்துல மொட்டையா நிக்கும்னும் அவரைக் கேளுங்க" என்றேன். பண்ணைக்காரர் சிரித்துவிட்டார். "யாருமே இதைக் கேக்கறதில்லீங்கக்கா" என்று சொல்லி, கையில் வைத்திருந்த தூங்குமூஞ்சிக் கன்றைக் கீழே வைத்துவிட்டுப் புங்கன் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். தூங்குமூஞ்சியும் சீக்கிரம் வளர்கிற மரம்தான், நல்ல நிழலும்கூட. ஆனால் அதன் குடை ஐந்தரை சென்ட் சைட்டில் அடங்காது, நான்கு வீட்டுக்கு ஒன்று போதும். பள்ளிக்கூடத்து மைதானத்துக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் ஏற்ற மரம்.

பிறகு வீட்டுக்குப் போய் இடம் குறித்தோம். வடமேற்கில் செப்டிக் டேங்க், அந்தப் பக்கம் எதுவும் கிடையாது. கிழக்கே போர்வெல். தென்மேற்குக் கன்னிமூலையை விட்டால் மேற்குச் சுவரை ஒட்டிப் பத்தடி அகலத்தில் ஒரு நீளத் துண்டு. மேற்கிலும் தெற்கிலும் பெரிய மரம் இருக்கலாம் என்று வாஸ்துக்காரரும் சொல்லியிருந்தார். வெயிலும் வாஸ்துவும் ஒத்துப்போனதில் மகளுக்குச் சந்தோஷம். புங்கனைச் சுவரிலிருந்து எட்டடி தள்ளி, காம்பவுண்ட் பக்கமாக வைத்தோம். பக்கத்து சைட்காரர் வீடு கட்ட வரும்போது கிளை அங்கே போகுமே என்று மகள் கவலைப்பட்டாள். அவரிடம் போனில் கேட்டோம். "நெழல்தானுங்களே, வரட்டும்" என்றார். அப்படிச் சொல்லுகிற மனிதர்கள் இன்னும் இருக்கிறார்கள். கன்னிமூலைக்கு வேம்பு. முருங்கை ஒன்று வேண்டும் என்றாள் மகள், கீரைக்கு. அதை வீட்டுக்குப் பின்னால் வைத்தோம். முன்வாசலில் முருங்கை ஆகாது என்பார்கள் பெரியவர்கள். கம்பளிப்பூச்சியும் முறிகிற கிளையும் பிள்ளை விளையாடுகிற இடத்தில் வேண்டாம் என்பதுதான் காரணம்.

வீட்டுக்காரர் காகிதப் பொட்டலத்தில் அகத்தி விதை கொடுத்து அனுப்பியிருந்தார். ராத்திரி ஊறவைத்துக் காலையில் மேற்கே ஒரு வரிசை ஊன்றினோம். இதைப் பார்த்து மாப்பிள்ளை, "இதுதான் நான் கேட்ட வெரசா வளர்ற மரமுங்களா அத்தை?" என்றார். ஆமாம் என்றேன். மூன்று நான்கு வருசத்துக்கு இது உங்களுக்கு, அதற்குப் பிறகு புங்கன் பேரனுக்கு.

மாறிப்போனதும் உண்டு, நல்லதாக. நான் வீடு கட்டிய நாட்களில் சொந்தமாக ஒரு கன்று வைப்பதே வேண்டாத வேலையாகத் தெரிந்தது. 2015இல் 'வனத்துக்குள் திருப்பூர்' என்று தொடங்கி, தொழில் செய்பவர்களும் விவசாயிகளும் சேர்ந்து லட்சக்கணக்கில் கன்று நட்டு, வேலி போட்டு, தண்ணீரும் ஊற்றி வளர்க்கிறார்கள். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் தொடங்கி, அவிநாசிப் பக்கத்துக் குளங்களுக்குப் பவானித் தண்ணீர் வந்ததை மகள் வீடியோ எடுத்து அனுப்பினாள். பெரியப்பா இருந்திருந்தால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்திருப்பார். கல்யாணத்துக்குப் பச்சைப் பந்தல் போடுவது மட்டும் போய்விட்டது. எல்லாம் மண்டபம். தென்னங்கீற்றுப் பந்தலின் கீழே சமைத்து, சாப்பிட்டு, ஒறம்பரையெல்லாம் படுத்துத் தூங்கிய அந்தப் பச்சை நிழலை என் பேரனுக்கு எங்கே காட்டுவேன் என்று தெரியவில்லை.

ஆனி பிறந்ததும் போய் அகத்தியின் தலையைக் கொய்தேன். ஆடி முழுதும் அது நின்றது. புங்கன் அதற்குப் பின்னால் பதுங்கிக் கொழுந்துவிட்டது. மார்கழியில் அகத்தி பூத்தபோது எதிர் வரிசையில் வாடகைக்கு இருக்கிற ஒடிசாப் பெண் கேட்டருகில் வந்து நின்றாள். பக்கத்து கம்பெனியில் பேட்லாக் டெய்லர். தமிழ் ஒன்றிரண்டு வார்த்தைதான். மரத்தைக் காட்டிப் பூவைப் பறிப்பதுபோல் சைகை செய்தாள். கீரை கேட்கிறாள் என்று நினைத்து மகள் ஒரு கொத்து இலையை ஒடித்துக் கொடுத்தாள். அவள் தலையை ஆட்டிப் பூவைத் தொட்டுக் காட்டினாள். அவர்கள் ஊரில் பூவை அரிசிமாவில் தோய்த்துப் பொரிப்பார்களாம். மறுநாள் ஒரு தட்டில் கொண்டுவந்தாள். பேரன் நான்கு தின்றான். இப்போது ஏற்பாடு ஒன்று ஆகியிருக்கிறது. இலை எங்களுக்கு, பூ அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை அவளே ஏணி போட்டு ஏறி இரண்டையும் பறித்துவிடுகிறாள்.